மோந்து பார்க்கிற பிள்ளை

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. அலைச்சலில் உன் உடம்பு கெட்டிருக்கும், பார்த்துக்கொள். இங்கே நான் இருக்கிறேன். பெரியவரும் இருக்கிறார். ஏழு வயதாகியும் என் பிள்ளைக்கு அவன் அப்பா வைத்த இந்தப் பட்டப்பேர்தான். "கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, கேட்டா பதில் சொல்ல மாட்டாரு, அப்ப பெரியவர்தானே" என்று சொல்லிச் சிரிப்பார் உன் மாமா. இப்போது அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுகிறான். போன வாரம் அதைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டான். குளித்ததோடு சரி, போன் எழுந்திருக்கவில்லை. இனிமேல் நமக்குக் கடிதம்தான்.

சாவு வீட்டில் நீயும் பார்த்தாய்தானே. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த உன் மாமாவை ஆஸ்பத்திரியில் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். இவன் போய் அப்பா கையைத் தூக்கினான். மோந்து பார்த்தான். விட்டுவிட்டுப் பின்பக்கம் போய், குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "பெத்த அப்பன் கிடக்கான், ஒரு சொட்டு கண்ணீர் வரலையே இந்தப் பிள்ளைக்கு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. என் அழுகையும் அதோடு நின்றது. இன்னும் வரவில்லை.

இப்போது அவனுக்கு ஒரு புதுப் பழக்கம். யார் வந்தாலும் கையைப் பிடித்து மோந்து பார்க்கிறான். பார்த்துவிட்டு விட்டுவிடுகிறான். கேஸ் கொண்டுவருகிறவர், தபால்காரர், தெருவில் சும்மா போகிறவர் யாரையும் விடுவதில்லை. எதிர் வீட்டு பேங்க்காரர் கையை உதறிவிட்டு, "என்னம்மா இது, நாய் மாதிரி? உள்ள வச்சுப் பூட்டுங்க" என்றார். மன்னிச்சுக்கங்க என்றேன்.

நாத்தனார் ஒரு விளம்பரத் தாள் கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்டெம் செல் சிகிச்சையாம். இவனைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அதில் பேசுகிறார்களாம். அந்தச் சிகிச்சைப் பேரை வாசிப்பதற்குள் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. நீ குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாய். உங்கள் டாக்டர்களைக் கேட்டு எழுது. இவன் பெரிய படிப்பெல்லாம் படிக்க வேண்டாம். "அப்பா எங்கே" என்று என்னை ஒரு தடவை கேட்டால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். நீ சாப்பிடுகிறாயா என்பதை நீ எழுதவில்லை. சாப்பிடு.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் மாமாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து தின்னர் ஊற்றிக் கையில் ஒட்டிய பெயின்டைத் துடைப்பார். "வீடே நாறுது, வெளிய போய்க் கழுவுங்க" என்று நீ கத்துவாய். "அரச மாளிகைக்கெல்லாம் அடிச்ச கைடி இது" என்பார். அவர் அடித்தது பள்ளிக்கூடச் சுவரும் பைப்பும்தான்.

எங்கள் வார்டு டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை யாருக்கும் எதற்கும் சம்மதம் சொல்லாதே.

ஒன்று மட்டும் எழுது. எல்லார் கையையும் மோந்து பார்க்கிறானா, இல்லை ஆம்பளைகள் கையை மட்டுமா?

அன்புடன்,
தங்கை


மார்ச் 20

தங்கச்சி,

உடம்பு நன்றாக இருக்கிறதா. எனக்கு இடுப்பு வலி. தையல் கம்பெனியிலிருந்து சட்டைக் கட்டுகளை வீட்டுக்கே வாங்கி வந்து, உட்கார்ந்த இடத்தில் நூல் பிசிறு வெட்டுகிறேன். இவனை விட்டுவிட்டுப் போக முடியாதே.

நீ கேட்டபடி கவனித்தேன். ஆம்பளைகள் கைதான். பொம்பளைகள் பக்கம் போவதில்லை. என் கையைக்கூட மோந்து பார்த்ததில்லை. நோயில் இது ஒரு வகையா? கேட்டுச் சொல்.

நான் கிளினிக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும். குளுகுளு ரூம், மெத்தை நாற்காலி. டி.வி.யில் ஒரு பிள்ளை "அம்மா, பால்" என்கிறது. அதன் அம்மா அழுகிறாள். அவள் அழுவதைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் என்னைப் பேர் சொல்லாமல் "அம்மா" என்றே பேசினார். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, அவன் முதுகுத் தண்டிலேயே ஊசியாகப் போடுவார்களாம். அவன் உடம்புச் சரக்கு அவனுக்கே, அதனால் பயமில்லையாம். இந்த மோந்து பார்க்கிறது நிற்குமா என்று கேட்டேன். "அதெல்லாம்தான்மா முதல்ல நிற்கும்" என்றார்.

பேங்க்காரர் வீட்டு அம்மா இப்போது கேட்டைப் பூட்டியே வைக்கிறாள்.

நீ சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒரேயடியாகக் குனிந்து உட்காராதே. நான் நலமே.

டாக்டரம்மா தனக்குத் தெரிந்ததையும் தேடிப் படித்ததையும் பொறுமையாகச் சொன்னார். உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன், பாதியில் கிழித்துப் போடாதே.

ஆராய்ச்சி நடப்பது நிஜம். ஆனால் நிறையச் சின்ன ஆராய்ச்சிகள். கொஞ்சம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, சில மாதம் கழித்துப் பெற்றவர்களைக் கேட்கிறார்கள். "தேவலை" என்கிறார்கள். ஆனால் ஊசி போடாவிட்டாலும் பிள்ளை அந்த மாதங்களில் வளரத்தானே செய்யும்? அதனால் ஒழுங்காகச் செய்கிறவர்கள் பிள்ளைகளை இரண்டு பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்குக்கு நிஜ மருந்து. மறு பங்குக்குப் பார்வைக்கு அதே மாதிரி, உள்ளே மருந்தே இல்லாத ஒன்று. யாருக்கு எது என்று அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவருக்கும் தெரியாது. அப்படிச் செய்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில், மருந்தே ஏறாத பிள்ளைகளும் முன்னைக்குத் தேவலை என்றுதான் வந்திருக்கிறது. இரண்டு பங்குக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை.

பெற்றவர்கள் பொய் சொல்லவில்லை அக்கா. ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு அப்படித் தெரியும். அவ்வளவுதான்.

இது வேலை செய்யும் என்பதற்கு இன்னும் சாட்சி இல்லை. பல வருஷம் கழித்து என்ன ஆகும் என்றும் யாருக்கும் தெரியாது. மயக்க மருந்து, ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது, இந்த ஆபத்தெல்லாம் மட்டும் உறுதியாக உண்டு. "நிஜ ஆராய்ச்சின்னா பெத்தவங்ககிட்ட பணம் கேட்க மாட்டாங்க. பணம் கேட்டா அது வியாபாரம்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்றார்.

வேண்டாம் அக்கா. பேச்சுப் பயிற்சிக்கு ஓர் இடம் விசாரித்து வைத்திருக்கிறேன். பலன் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் வலிக்காது.

உன் தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை வாசித்தேன். அந்த டாக்டரம்மா நல்லவராகத்தான் இருப்பார். அவர் பிள்ளை அவரை "அம்மா" என்று கூப்பிடும். உனக்கும் ஒரு பிள்ளை இருந்து, அது உன் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஏழு வருஷம் வளர்ந்திருந்தால், இந்த இரண்டு பங்குக் கணக்கை எனக்கு எழுதியிருக்க மாட்டாய்.

மெதுவாக என்கிறாய். நான் செத்த பிறகு யார் இருந்து பார்ப்பது அந்த மெதுவை?

அவர் விழுந்ததற்குக் கான்ட்ராக்டர் கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துச் சோறு தின்ன எனக்கு மனசு வரவில்லை. அவர் பிள்ளைக்கே போகட்டும். கிளினிக்கில் தேதி வாங்கிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

நீ திட்டினது எனக்கு உறைக்கவில்லை, திட்டவாவது எழுதினாயே. லீவு கேட்டேன். வார்டில் ஆள் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. நான் உங்கள் கூட இருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன் என்று தெரிந்துதானோ என்னவோ கொடுக்கவில்லை.

போவதென்று முடிவு செய்துவிட்டாய். சரி. ஒன்று செய். என்னென்ன தொந்தரவு என்று அங்கே எழுதித் தரச் சொல்வார்கள். மற்றதையெல்லாம் எழுது. கையை மோந்து பார்ப்பதை மட்டும் எழுதாதே. அது நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று நேரில் சொல்கிறேன். எழுத வரவில்லை.

அவன் கையை விடாதே.

தங்கை


மே 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எப்படி இருக்கிறாய். என் கோபமெல்லாம் போய்விட்டது. உனக்கும் போயிருக்கும்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ எழுத வேண்டாம் என்றாய், நான் அதைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன். ஊரெல்லாம் பேச்சு வாங்கித் தந்தது அதுதானே.

போன அன்றைக்கு அவனுக்கு ஒரே கொண்டாட்டம். அங்கே உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற ஸ்பிரிட்டைக் கையில் தேய்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். இவன் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறான், மோந்து பார்க்கிறான், விடுவதில்லை. வைத்துக்கொண்டே நிற்கிறான். ஒரு கம்பவுண்டர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான். எத்தனை நாள் ஆயிற்று அவன் சிரித்து. "நம்மளைப் பிடிச்சுப்போச்சு இவருக்கு" என்றார் அவர். பிறகு அவரேதான் ஊசிக்குப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் ஓடினான். கையைப் பிடித்தான். ரத்தம் எடுத்தார்கள். அதற்கடுத்து மஜ்ஜை எடுத்தார்கள். முதுகில் போடும்போது, மயக்கம் ஏறும் முன்பே ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவன் சத்தம் வெளியே கேட்டது. நீ அவன் கையை விடாதே என்று எழுதியிருந்தாய்.

ஆனால் பலன் வந்துவிட்டது தங்கச்சி. அங்கேயே வந்துவிட்டது. கடைசி நாட்களில் யார் உள்ளே வந்தாலும் கிட்டப் போகவில்லை, கையைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தும் அப்படியே. தபால்காரர் வேண்டுமென்றே கையை நீட்டினார். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளினிக்கிலிருந்து கிளம்புகிற அன்றைக்கே "சொன்னேன்ல" என்றார் டாக்டர். என்னை உட்காரவைத்து வீடியோ எடுத்தார்கள். மற்ற அம்மாமார்களுக்குக் காட்டுவதற்கு. நானும் பேசினேன். "பயப்படாம கூட்டிட்டு வாங்க" என்றேன்.

உன் ஆராய்ச்சியில் என் பிள்ளையையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்.

சந்தோஷமாகப் பதில் போடு.

உன் அக்கா


ஜூன் 20

தங்கச்சி,

சுகமா. பதில் வரவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லையே?

பேங்க்காரர் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார். "பரவாயில்லையே, அடங்கிட்டானே" என்று என்னிடமே சொன்னார். ஆமாம் சார் என்றேன்.

பேச்சு இன்னும் வரவில்லை. நாளாகும் என்கிறார்கள். இன்னொரு ஊசி போட்டால் வருமாம். முன்னெல்லாம் சாயங்காலம் ஆனால் வாசலில் போய் நிற்பானே, அதுவும் நின்றுவிட்டது. சட்டைக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறான். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. நான் கேட்டதும் அதைத்தானே.

நீ ஏன் எழுதவில்லை?

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். காய்ச்சல் இல்லை. வேலைதான். கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன், எழுத்து சரியாக வரவில்லை.

ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறதா, தலைவலிக்கிற மாதிரி தலையைப் பிடித்துக்கொள்கிறானா என்று பார். வாந்தி இருந்தால் உடனே பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, அந்தக் கிளினிக்குக்குப் போகாதே.

நீ சந்தோஷமாக இருப்பது எனக்கும் சந்தோஷம்.

இரண்டாவது ஊசி மட்டும் நான் வரும்வரை வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர் எல்லா ஜன்னல் கம்பிக்கும் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினார். வயசான மனுஷர். டப்பாவைத் திறந்து தின்னரை ஊற்றிக் கலக்கினார். அந்த வாடை உள்ளே வந்தது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். உன் மாமா போனதிலிருந்து அந்த வாடை இந்த வீட்டுக்குள் வரவில்லை.

சட்டைக் கட்டுக்குப் பின்னாலிருந்து இவன் எழுந்தான். மூக்கை உயர்த்தினான். எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. சாயங்காலம் வாசலில் நின்றது, ஆம்பளைகள் கையை மட்டும் பிடித்தது, பிடித்துப் பிடித்து விட்டது. அன்றைக்குக் கழுவிக் கிடத்தியிருந்த கையில் இந்த வாடை இல்லை. அது அப்பா இல்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான். அப்புறம் தேட ஆரம்பித்துவிட்டான். நான் அழாமல் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவன் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போது ஓடிப்போய் அந்தப் பெயின்ட்காரர் கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

அவன் ஓடவில்லை. அங்கேயே தரையில் ஒருக்களித்துப் படுத்தான். முழங்காலை நெஞ்சோடு மடக்கினான். கையைப் பின்னால் விட்டுத் தன் சட்டையைத் தானே முதுகில் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கிளினிக்கில் அத்தனை கையிலும் ஸ்பிரிட் வாடை இருந்தது தங்கச்சி. தின்னருக்குப் பக்கத்து வாடை. கிட்டத்தட்ட அப்பா. அதனால்தான் சிரித்தான். அவன் சிரித்துப் பிடித்த கையெல்லாம் அவனைக் குத்தியது.

குணமானது என்று வீடியோவில் சொன்னேனே, அது இதுதான்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். "ஐயா, கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். "பெயின்டா இருக்கும்மா, ஒட்டிக்கும்" என்றார். பரவாயில்லை என்று பிடித்து மோந்து பார்த்தேன். எதிர்த்தாற்போல் பேங்க்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும். அந்தக் கையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனுஷர் கையை இழுக்கவே இல்லை.

உனக்கு இது முன்னாலேயே தெரியுமா?

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

தெரியும். ஆம்பளைகள் கை என்று நீ எழுதின அன்றைக்கே தோன்றியது. அவன் அப்பாவைத் தேடுகிறான் என்று எழுதினால், நீ தாங்குவாயா என்று பயந்தேன். தினமும் அவன் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டே நீ உட்கார்ந்திருக்க வேண்டுமே. ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினேன். அதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

நீ குணம் என்று எழுதினபோது பதில் போட எனக்குக் கை வரவில்லை.

இந்தத் தடவை லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். மாசக் கடைசியில் வருகிறேன். உனக்கும் அவனுக்கும் என்ன வாங்கி வர?

தங்கை


ஆகஸ்ட் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்திரமாக வா. எங்களுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம்.

நீ எழுதியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அதனால் அதை மனசில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லிக் கிளினிக்குக்குப் போனேன். "நல்லாத்தானேம்மா பேசியிருக்கீங்க" என்கிறார்கள். வெளியே நாற்காலியில் ஒரு பெண், மடியில் பிள்ளை. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றாள். என்னைப் பார்த்துத்தான் வந்தாளாம். வேண்டாம், போய்விடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "உங்க பிள்ளைக்கு ஆகலைன்னு என் பிள்ளைக்கும் ஆகக்கூடாதா?" என்றாள். உனக்கு நான் எழுதின கடிதம் மாதிரியே இருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போனாள்.

பெரியவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார். கையை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை, எனக்கும்தான். அவன் அப்பா கை துடைத்த பழந்துணி ஒன்று பரண்மேல் டப்பாவில் இருந்தது. திறந்து பார்த்தேன். வாடை போய்விட்டது. வெறும் துணிதான்.

ஸ்டேஷனில் இறங்கியதும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டு வா. ஆஸ்பத்திரி வாடை கொஞ்சமும் இருக்கக்கூடாது. வந்ததும் அவனைக் கூப்பிடாதே, தூக்காதே. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து கையை நீட்டி வை. மோந்து பார்க்க மாட்டான். நீ உடனே எடுத்துவிடாதே.

உன் அக்கா